மஞ்சள் கரிசாலை வளர்த்த ரோச்

1973 மார்ச் 4 — ரூ. 61.50
1973 ஏப்ரல் 8 — ரூ. 58.50
1973 மே 6 — ரூ. 63.00
1973 டிசம்பர் 2 — ரூ. 60.00
1974 ஜூன் 2 — ரூ. 60.00
1974 ஜூலை 7 — ரூ. 61.50
1974 ஆகஸ்ட் 4 — ஒன்றுமில்லை

மஞ்சள் கரிசாலையை உலர்த்தி விற்ற வகையில் ரோச் பர்னாந்தின் கைக்கு வந்த தொகைகளில் சில இவை. கிலோ மூன்று ரூபாய். எல்லாம் ஞாயிற்றுக்கிழமைகள், காலைப் பூசை முடிந்து வரும்போது மைத்துனன் இஞ்ஞாசி பணத்தைக் கொண்டுவந்து கொடுப்பான்.

ரோச்சை எனக்குச் சங்கின் மூலமாகத் தெரியும். தூத்துக்குடி சங்குக் கிட்டங்கியில் நான் இருபத்தாறு ஆண்டு கணக்கு எழுதினேன். குளிகாரர்கள் கடலில் மூழ்கி எடுத்துவரும் சங்கை மரச் சட்டத்து ஓட்டையில் விட்டுப் பார்ப்போம். நழுவி விழுவது சிறுசு. அது கடலுக்கே திரும்பிப் போகும். ரோச் கொண்டுவந்த குவியலில் சிறுசு அநேகமாக இருக்காது. தண்ணீர் கலங்கிக் கிடக்கும் நாளிலும் அடிமணலில் விரலால் தடவிப் பார்த்தே எது ஆகும், எது ஆகாது என்று தெரிந்துகொண்டு மேலே வருவார். பேச்சு குறைவு. படிப்பு இல்லை.

குளிகாரன் கயிற்றில் கட்டிய கல்லில் கால் வைத்துக் கடலுக்குள் இறங்கும்போது, வள்ளத்தில் நின்று அவன் கயிற்றைப் பிடிப்பவனுக்கு மண்டாடி என்று பெயர். அந்த இடத்தில் மனைவியின் உடன்பிறந்தானை நிறுத்துவது இந்தக் கரையின் வழக்கம். உடன்பிறந்தவளின் தாலியைத் தன் கையாலேயே அறுக்க எவனும் துணிய மாட்டான் என்ற நம்பிக்கைதான் காரணம். ரோச்சின் மனைவி பிலோமிக்கு ஒரே தம்பி இஞ்ஞாசி. 1955இல் முத்துக்குளிக்கும் சலாபம் திறந்தபோது மீசை முளைக்காத பையனாக வள்ளத்தில் ஏறினான். சலாபம் நின்று, சங்கு மட்டும் எடுத்த காலத்திலும் அவன்தான் பிடித்தான். கீழே இருக்கிறவன் கயிற்றை ஆட்டினால் மேலே இருக்கிறவன் இழுக்க வேண்டும். இருவருக்கும் இடையில் வேறு பேச்சு இல்லை.

1968 ஜனவரியில் ரோச்சுக்கு இடது காது உடைந்து ரத்தம் வந்தது. அத்தோடு கடலை விட்டார். அப்போது வயது நாற்பத்திரண்டு. ஐஸ் கம்பெனியில் கட்டி சுமக்கப் போனார். இஞ்ஞாசி லாரி ஷெட்டில் சரக்குப் பதியும் வேலைக்குச் சேர்ந்தான். அவனுக்கு எழுதப் படிக்கத் தெரியும். அந்த ஆண்டே ஆத்தூரில் பெண் கட்டினான்.

1970 ஜூனில் பிலோமிக்கு மஞ்சள் காமாலை கண்டது. பெரியாஸ்பத்திரி மருந்தோடு மஞ்சள் கரிசாலையையும் அரைத்து மோரில் கொடுக்கும்படி அக்கம்பக்கத்தில் சொன்னார்கள். ரோச் மூன்று நாள் தேடினார். கீழவைப்பார்ப் பக்கம் மணல்மேட்டில் படர்ந்த ஒரு மஞ்சள் பூவையும், உப்பளச் சாலையோரத்தில் கிடைத்த இன்னொன்றையும் பறித்து, யாரிடம் கேட்பது என்று தெரியாமல் கடைசியில் ஆத்தூர்க் கொடிக்காலுக்குப் போனார். அங்கே வெற்றிலை கிள்ளிக்கொண்டிருந்த சண்முகத்தாய் என்பவரிடம் துணியை அவிழ்த்துக் காட்டினார். அன்று அவருக்குத் துணையாக நானும் போயிருந்தேன்.

“எதுக்கு இந்தக் குப்பையக் கெட்டிட்டு வந்தீரு?” என்றார் அந்த அம்மாள்.

“மஞ்சப் பூ இருந்துச்சு.”

“மஞ்சப் பூவெல்லாம் கரிசாலைன்னா எங்க வீட்டுப் பூசணிக்கொடியவும் அரைச்சுக் குடுமே. இந்தா, இத ஒடிச்சுப் பாரும். பால் வடியுது. கரிசாலைக்குப் பால் கிடையாது. இது என்ன? வெட்டுக்காயப் பூண்டு. சின்னப் பிள்ளைக தல கிள்ளி வெளையாடுதது. இதத் தின்னு அந்தப் பொம்பள பொழைக்கணுமாக்கும்.”

வாய்தான் அப்படி. எழுந்து வந்து வாய்க்கால் வரப்பில் உண்மையான செடியைக் காட்டினார். தண்டு நிமிராது, தரையோடு படுத்து ஓடும். கணுவுக்குக் கணு வேர் இறங்கும். இலைகள் எதிரெதிராக, ஒடுங்கலாக, இரண்டு பக்கமும் சொரசொரப்பாக இருக்கும். நீண்ட காம்பில் ஒற்றைப் பூ. விளிம்பு இதழும் நடுவட்டமும் ஒரே அழுத்தமான மஞ்சள். வெட்டுக்காயப் பூண்டில் விளிம்பு இதழ் நாலைந்துதான், அதுவும் வெளுத்திருக்கும்; இலையோரம் பல் பல்லாக வெட்டியிருக்கும்; விதை முற்றினால் பஞ்சு பறக்கும். கரிசாலை விதையில் பறக்கும் பஞ்சு இல்லை. இலையை வெள்ளைத் துணியில் கசக்கித் தேய்த்தால் பச்சை சற்று நேரத்தில் கறுக்கும்.

ரோச் குனிந்து, கண்ணை மூடிக்கொண்டு தண்டைத் தடவினார்.

“செடியப் பாரும்னா கண்ண மூடுதீரு?”

“எனக்கு இப்படித்தான் வெளங்கும்” என்றார்.

பிலோமி ஒரு மாதத்தில் தேறினாள். செடியாலா, ஆஸ்பத்திரி மருந்தாலா என்று என்னால் சொல்ல முடியாது. ரோச்சுக்கு அந்தச் சந்தேகம் இருந்ததே இல்லை. மறுபடியும் ஆத்தூர் போய் ஒரு கட்டுத் தண்டை ஈர வாழைமட்டையில் சுற்றிக் கொண்டுவந்தார். வீட்டு முற்றத்தில் நட்டதெல்லாம் கருகிப்போயிற்று. கிணற்றுத் தண்ணீர் அவ்வளவு உப்பு. நல்ல தண்ணீரோ குழாயில் குடத்துக்குச் சண்டை போட்டுப் பிடிக்கிற ஊர் இது.

அவர் கண்டுபிடித்த இடம் ஐஸ் கம்பெனியின் பின்பக்கம். அங்கிருந்து இரண்டு ஓடைகள் வெளியே வரும். ஒன்று, ஐஸ் பெட்டிகளை முக்கி எடுக்கும் தொட்டித் தண்ணீர். அதில் உப்பு உண்டு. மற்றது, கட்டியை உடைக்கும் தளத்தில் உருகி ஓடுவது. அது சுத்தமான நல்ல தண்ணீர். ரோச் இரண்டையும் நாக்கில் வைத்துப் பார்த்துப் பிரித்தார். உப்போடையைக் கல் வைத்துக் கடல் பக்கம் திருப்பினார். நல்ல ஓடையின் இரு கரையிலும், குளத்து வண்டலையும் மட்கிய சாணத்தையும் மணலில் கலந்து, கணுவுள்ள தண்டுகளை ஒரு சாண் இடைவெளியில் படுக்க வைத்துப் புதைத்தார். முதலாளி கேட்டுவிட்டு, “குப்ப போடுத எடந்தானே, செஞ்சுக்கோ” என்றார். இரண்டு ஆண்டில் இருபத்தைந்து சென்ட் பரப்பு முழுக்க மஞ்சளாயிற்று. ஆடு அந்தச் சொரசொரப்பைக் கடிக்காது என்று நம்பியிருந்தார், கடித்தது. உடைமுள் வேலி போட்டார்.

அறுப்பதிலும் ஒரு முறை வைத்திருந்தார். பூ விரிந்ததும், வேர்ப்பக்கம் இரண்டு கணு விட்டு அறுப்பார். அறுத்ததை வெயிலில் போடுவதில்லை. போட்டால் இலை கறுத்துவிடும். ஓலைக் கொட்டகை நிழலில் பாய் விரித்து உலர்த்துவார். பிலோமி நாளுக்கு இருமுறை புரட்டிவிட்டு, வேறு இலை தட்டுப்பட்டால் பொறுக்கி எறிவாள். மூட்டையை வலை நூலால் தைப்பவளும் அவள்தான். காமாலை என்று கேட்டு வருகிறவர்களுக்கு ரோச் பச்சையாக ஒரு பிடி கொடுப்பார். அதற்குக் காசு வாங்குவதில்லை.

1973 தொடக்கத்தில் மதுரையில் ஒரு மருந்துக் கம்பெனி மாதம் இருபது கிலோ எடுத்துக்கொள்ளச் சம்மதித்தது. ரோச் ஐஸ் சுமப்பதை விட்டார். லாரியில் ஏற்றுவது, கடிதம் எழுதுவது, பணம் வாங்குவது எல்லாம் இஞ்ஞாசி. கம்பெனியில் பெயரும் அவன் பெயர்தான். எனக்கு அது சரியாகப் படவில்லை.

“கடுதாசி உம்ம பேருக்கு வரட்டும்வே” என்றேன். “அவன் பேருல எதுக்கு?”

“எனக்கு வாசிக்கத் தெரியாதே, கணக்குப்பிள்ள.”

“வாசிக்க நான் இருக்கேன். இல்ல, அவன்கிட்டயாவது ஒண்ணு எழுதி வாங்கிக்கிடும். தோட்டம் உம்மது, அவன் ஏத்திவிடுதவன்னு.”

ரோச் இன்னும் நாலு களை பிடுங்கினார். பிறகு சொன்னார்: “எட்டுப் பாகம் ஆழத்துக்கு எறங்கும்போது கயித்த அவன் கையில குடுத்தவன் நான். பதிமூணு வருசம். இப்பம் காஞ்ச தரையில நின்னுக்கிட்டு அவன்கிட்ட எழுத்துக் கேக்கவா? பிலோமி என்ன நெனப்பா?”

நான் பேச்சை விட்டுவிட்டேன். அந்தக் கிறிஸ்துமஸுக்கு இஞ்ஞாசி, மாமனார் வீட்டுக் கொடிக்கால் ஓரத்தில் வைத்துப் பார்க்கிறேன் என்று ஒரு சாக்குத் தண்டு கேட்டான். ரோச்சே அறுத்து, ஈரச் சாக்கில் கட்டிக் கொடுத்தார்.

1974 ஜூலையில் கம்பெனி கூடுதலாகக் கேட்டது. இஞ்ஞாசி தோட்டத்துக்கே வந்து சொன்னான்.

“மச்சான், மாசம் அம்பது கிலோ கேக்கான்.”

“இருவதுக்கு மேல இது தராது.”

“தராதுன்னு எழுதினா அவன் வேற ஆளப் பாப்பான்.”

“பாக்கட்டும். இருவதுன்னு எழுது.”

“சரி மச்சான். எழுதுதேன்.”

அவன் ஐம்பது என்று எழுதினான். ரோச் கொடுத்த மூட்டையை ஷெட்டில் பிரித்து, வெட்டுக்காயப் பூண்டை அறுத்து உலர்த்திக் கலந்து, இரண்டரை மூட்டையாக்கி அனுப்பினான். அந்தப் பூண்டு சாலையோரமெல்லாம் சும்மா கிடைப்பது. உலர்ந்து நொறுங்கிய பிறகு பழகாத கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான்.

ஆகஸ்ட் 4ஆம் தேதி ஞாயிறு. மறுநாள் மாதா கோயில் திருவிழா. இஞ்ஞாசி வரவில்லை. பணம் தாமதம் என்று ஆளிடம் சொல்லி அனுப்பினான். இரண்டு வாரம் கழித்து வந்தவர் மதுரைக் கம்பெனியின் செந்தில்வேல். வாடகைக் காரின் பின்னால் ஒரு மூட்டை இருந்தது. ஷெட்டில் விசாரித்து இஞ்ஞாசியையும் கூட்டிவந்திருந்தார். நான் அப்போது தோட்டத்தில் இருந்தேன்.

“ரோச்சுங்கறது யாரு?”

“நாந்தான்.”

செந்தில்வேல் மூட்டையைப் பிரித்து ஒரு பிடி அள்ளி உதறினார். கடல்காற்று ஏறியிருந்த நேரம். பஞ்சு கிளம்பி வேலியைத் தாண்டிப் பறந்தது.

“இதைத்தான் காமாலைக்காரனுக்குக் கொடுக்கச் சொல்றீங்களா? முதலாளி போலீஸ்ல எழுதிக் கொடுக்கணும்னு நிக்கிறாரு.”

ரோச் மூட்டைக்கு முன்னால் உட்கார்ந்தார். கையை உள்ளே விட்டுத் துழாவி, அள்ளி அள்ளி இரண்டு பக்கமாக வைத்தார். ஒரு குவியல் சிறியது. மற்றது அதைவிடப் பெரியது. “இது என்னுது” என்றார். “இது எங்க தோட்டத்துல இல்ல. வேணும்னா தேடிப் பாருங்க.”

“ரெண்டும் ஒரே மூட்டைலதானே வந்துச்சு? கட்டினது யாரு?”

இஞ்ஞாசி அடித்துப் பிடித்துப் பேசவில்லை. வெகு சாதாரணமாகச் சொன்னான்: “மச்சான்தான் சார் கட்டித் தருவாக. நான் லாரியில ஏத்துததோட சரி. எனக்குச் செடி எது, பூண்டு எதுன்னே தெரியாது.”

ரோச் தலையை நிமிர்த்தி அவனைப் பார்த்தார். காது சரியாகக் கேட்டதா என்று சந்தேகப்படுவதுபோல இருந்தது அந்தப் பார்வை.

நான் குறுக்கே புகுந்து, ரோச்சை இருபது ஆண்டாகத் தெரியும், கலப்படம் செய்கிற ஆள் அல்ல என்றேன். “இந்த மூட்டையைக் கட்டும்போது பாத்தீங்களா ஐயா?” என்று கேட்டார் செந்தில்வேல். பார்க்கவில்லை என்றுதான் சொல்ல முடிந்தது.

அவர் மூட்டை வாயில் இருந்த வலை நூலைப் பிடித்துக் காட்டிப் பிலோமியைக் கேட்டார். “இது நீங்க தைச்சதாம்மா?”

அவள் தையல் அல்ல அது. அவள் இரட்டை முடிச்சுப் போடுவாள். நூலைப் பார்த்தாள். தம்பியைப் பார்த்தாள். அவன் வேலிப்பக்கம் திரும்பி நின்றான்.

“ஆமா, நாந்தான்.”

“தைக்கும்போது உள்ள என்ன இருந்துச்சு?”

“நான் உள்ள பாக்கல” என்றாள் பிலோமி.

ஒவ்வொரு இலையையும் புரட்டிப் பொறுக்கினவள் அவள். செந்தில்வேல் கெட்டவர் அல்ல. இன்னும் கொஞ்ச நேரம் காத்திருந்து பார்த்தார். ரோச் எழுந்து கையைத் தட்டிக்கொண்டார். கார் போயிற்று. இஞ்ஞாசியும் அதிலேயே ஏறிப் போனான்.

மறுநாள் நான் போனபோது பிலோமி என்னிடம் தாழ்ந்த குரலில் சொன்னாள்: “அண்ணாச்சி, அவனுக்கு நாலும் பொட்டப் பிள்ளைக. போலீசுன்னு அந்த ஆளு சொன்னாரே, கேட்டீங்கல்லா. இவுக எப்படியும் பொழச்சுக்கிடுவாக. அவன் என்ன செய்வான்?”

கொட்டகைக்குள்ளிருந்து ரோச் சொன்னார்: “ஏளா, கேக்குத காது இந்தப் பக்கம் இருக்கு.”

அவள் பாயைப் புரட்டப் போய்விட்டாள். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை அவர்கள் இருவரும் எடுத்ததாக எனக்குத் தெரியவில்லை. சமைத்தாள், சாப்பிட்டார். மூட்டை தைக்கும் வேலைதான் இல்லாமற்போயிற்று.

போலீசுக்கு யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. ஆனால் விஷயம் கரையெல்லாம் பரவியது. பச்சை இலைக்கு வந்துகொண்டிருந்தவர்கள் வருவதை நிறுத்தினார்கள். கோயில் படியில் ஒருவன், “என்னண்ணே, இன்னைக்குக் கரிசாலையா, ரோட்டுப் புல்லா?” என்று கேட்டான், கூட நின்றவர்கள் சிரித்தார்கள். ரோச் ஐஸ் கம்பெனிக்கே திரும்பவும் கட்டி சுமக்கப் போனார். ஒரு நாள் மாலையில் வந்து என்னிடம் சொன்னார்:

“ஒரு கடுதாசி எழுதணும். துட்டு வேண்டாம். வேவாரமும் அவங்க இஷ்டம். அந்தப் பூண்டு ரோச் கலந்ததில்லன்னு ஒரு வரி எழுதித் தரச் சொல்லுங்க. அதக் கோயில் படியில நின்னு வாசிச்சாப் போதும்.”

மூன்று கடிதம் எழுதினேன். இரண்டுக்குப் பதில் இல்லை. மூன்றாவதுக்கு, தோட்டத்துச் சரக்கில் ஒரு கிலோ மாதிரி அனுப்பவும், பரிசோதித்துத் தெரிவிக்கிறோம் என்று வந்தது. டிசம்பரில் ரோச் ஒரு கிலோவுக்கு எத்தனை இலை உண்டோ அத்தனையையும் தனித்தனியாகத் தொட்டுப் பார்த்தார் என்றே சொல்லலாம். தபாலில் பதிவு செய்து அனுப்பினோம்.

பதில் வருவதற்குள் லாரிக்காரர் ஒருவர், ஆத்தூரிலிருந்து மாதாமாதம் மதுரைக்குக் கரிசாலை மூட்டை போகிறது என்றார். ஜனவரியில் ஒரு நாள் நானும் ரோச்சும் பஸ் ஏறினோம். கொடிக்காலை ஒட்டி, வாய்க்கால் தண்ணீரில், ரோச் தோட்டத்தைப்போல நாலு மடங்கு மஞ்சள். இஞ்ஞாசி மண்வெட்டியை ஊன்றி எழுந்து நின்றான்.

“வாங்க மச்சான். கணக்குப்பிள்ளையும் வாங்க.”

ரோச் பாத்திக்குள் இறங்கி, நாலைந்து இடத்தில் தண்டைத் தடவிப் பார்த்தார்.

“இப்பம் ஒண்ணும் கலக்கல” என்றான் இஞ்ஞாசி. “அத்தனையும் நீங்க தந்த தண்டுதான்.”

“அன்னைக்கு ஏம்ல அப்படிச் சொன்ன?”

“வேற என்னத்தச் சொல்ல? எனக்கு நாலு பிள்ளைக இருக்கு. அக்காளே பேசாம இருந்தா, நீங்க பேசுதீக.”

“செடியவும் கொண்டுட்டு வந்துட்ட.”

“செடி என்ன ஒங்க ஆத்தா தந்த சீதனமா, மச்சான்? ஆத்தூர்ல பிடுங்குனீக, ஆத்தூர்ல கிடக்கு.”

ரோச் கையிலிருந்த சேற்றை வேட்டியில் துடைத்தார். “நான் தண்ணிக்குக் கீழ கெடந்தப்ப ஒனக்கு எத்தன பிள்ளைல?”

“அப்பம் ஏது? கலியாணமே ஆகலியே.”

“அதான் பொழச்சேன்” என்றார் ரோச்.

திரும்பும்போது பஸ்ஸில் ஒன்றே ஒன்றுதான் சொன்னார்: “செடிய நல்லாத்தான் வளத்திருக்கான்.”

கம்பெனியின் கடிதம் என் முகவரிக்கு வந்தது. எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போய் வாசித்தேன். ‘தாங்கள் அனுப்பிய மாதிரி அசல் மஞ்சள் கரிசாலையே. ஆத்தூர் திரு. இஞ்ஞாசி அவர்கள் தரும் சரக்குடன் ஒப்பிட்டுப் பார்த்ததில் இரண்டும் ஒரே தரமாக உள்ளன. ஒரே வட்டாரத்தில் இருவரிடம் வாங்கும் வழக்கம் எங்களுக்கு இல்லாததால் தங்கள் சரக்கை ஏற்க இயலவில்லை. சென்ற ஆண்டு தங்கள் மூட்டையில் காணப்பட்ட கலப்பு குறித்து மேல்நடவடிக்கை எடுக்காமல் விட்டுள்ளோம். திரு. இஞ்ஞாசி அவர்கள் தங்களுக்காகப் பரிந்து பேசியதே அதற்குக் காரணம் என்பதைத் தெரிவித்துக்கொள்கிறோம்.’

பிலோமி பாயோரம் நின்றிருந்தாள்.

“பரிஞ்சு பேசுனானா?” என்றார் ரோச்.

“அப்படித்தான் போட்டிருக்கு.”

“இன்னொரு தடவ வாசிங்க.”

வாசித்தேன். அவர் கேட்ட ஒரு வரி அதில் எங்கும் இல்லை. பதில் எழுத வேண்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்று தலையசைத்துவிட்டு, ஐஸ் கம்பெனிக்கு நேரமாயிற்று என்று சாக்கைத் தோளில் போட்டுக்கொண்டு போனார். பிலோமி அவர் பின்னாலேயே வேலிவரை போய் நின்றாள். அவர் திரும்பிப் பார்க்கவில்லை. மதுரையிலிருந்து அதற்குப் பிறகு கடிதம் எதுவும் இல்லை. இந்தக் கடிதம் வந்து சேர்ந்தது 1975 பிப்ரவரி 19, புதன்கிழமை.